பக்கம் காணவில்லை!

பஞ்சாங்கம் இல்லாத ஜோசியரைப் பார்த்திருக்கிறீர்களா? மேனுவல் இல்லாத சாஃப்ட்வேர் ஆசாமியும் அப்படித்தான். எல்லாக் கட்டளைகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் யாரும் கிடையாது. எதைக் கொடுத்தால் என்ன திரும்பி வரும் என்று புரட்டிப் பார்க்க ஒரு கையேடு வேண்டும். இப்போது அது இணையத்தில்தான் இருக்கிறது. அதில் ஆங்காங்கே நீல நிறத்தில் அடிக்கோடிட்ட வரிகள். ‘மேலும் விவரங்களுக்கு இங்கே.’ நம்பி க்ளிக் செய்தால்... ‘404. பக்கம் காணவில்லை!’

யாரைத் திட்டுவது? அவசரப்படாதீர்கள். இந்த 404-க்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது கவனக்குறைவால் வந்த கோளாறு இல்லை. தெரிந்தே, யோசித்து, திறந்து வைத்த ஓட்டை.

முதலில் ஓட்டை இல்லாத காலத்துக்குப் போவோம். வருடம் 1971. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம். அங்கே கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் சேர்ந்து யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியிருந்தார்கள். அதன் முதல் கையேடு நவம்பர் 3, 1971 என்று தேதி போட்டு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். பக்கத்துக்குள் குட்டிக் குட்டித் தலைப்புகள். பெயர், விளக்கம், ‘இதையும் பார்க்க’. அப்புறம் ‘கோளாறுகள்’! ஆமாம், எங்கள் சரக்கில் இன்ன பழுது இருக்கிறது என்று தயாரித்தவர்களே அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு தலைப்பு, ‘சொந்தக்காரர்’. அதற்கு நேராக கென் என்றோ, ரிட்சியின் இனிஷியலோ இருக்கும். பக்கத்தில் ஏதாவது தப்பா? நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

‘இதையும் பார்க்க’ என்று கை காட்டிய பக்கமும் பெரும்பாலும் அதே கையேட்டுக்குள்தான் இருந்தது. ‘சமையலறையில் பார், இருக்கும்’ என்று வீட்டுக்குள் சொல்வது மாதிரி. சமையலறை எங்கே போய்விடப் போகிறது?

அடுத்த காட்சி, 1989. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் செர்ன் அணு ஆராய்ச்சி மையம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீக்கு ஒரு தலைவலி. பல தேசங்களிலிருந்து விஞ்ஞானிகள் வருகிறார்கள். சராசரியாக இரண்டு வருடம் இருக்கிறார்கள். மூட்டை கட்டிவிடுகிறார்கள். அவர்களோடு விவரமும் போய்விடுகிறது. எழுதி வைத்தது எந்தக் கம்ப்யூட்டரில், எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள்.

இதற்கு ஒரு வழி சொல்லி மார்ச் 1989-ல் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். மேலதிகாரி மைக் செண்டால் அதன் மேலட்டையில், ‘தெளிவாக இல்லை, ஆனாலும் உற்சாகமாக இருக்கிறது’ என்கிற மாதிரி பென்சிலால் கிறுக்கினார். அந்தத் திட்டம்தான் பிற்பாடு வேர்ல்ட் வைட் வெப் ஆனது. இன்று ரயில் டிக்கெட், கல்யாண வரன் எல்லாம் அதில் கிடைக்கலாம். ஆனால் அது பிறந்ததே, காணாமல் போகும் டாக்குமெண்டுகளைக் காப்பாற்றத்தான்!

ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் யோசனை அவருடையது மட்டும் கிடையாது. ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற பெயரை 1965-லேயே சூட்டியவர் டெட் நெல்சன். அவர் கனவு கண்ட ஸனாடு திட்டத்தில் லிங்க் இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ளது. கைகுலுக்கல் மாதிரி. நான் உங்களைச் சுட்டினால் உங்களுக்கும் தெரியும். லிங்க் அறுந்துபோக வழியே இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பிரமாதம்தான். ஆனால் 1960-ல் ஆரம்பித்த திட்டம் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது.

பெர்னர்ஸ் லீ துணிந்து ஒரு காரியம் செய்தார். கைகுலுக்கல் வேண்டாம், விரல் நீட்டினால் போதும் என்றார். ஒருவழிப் பாதை. அனுமதி கேட்க வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் சுட்டலாம். அந்தப் பக்கத்து ஆள் காலி செய்துவிட்டுப் போனால்? போகட்டும், 404 வரும்! நிபுணர்கள் இதை ரசிக்கவில்லை. 1991 டிசம்பரில் டெக்ஸாஸில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டில் இவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. செய்து காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஜெயித்தது யார் என்று நமக்குத் தெரியும். 1993 ஏப்ரல் 30-ம் தேதி செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. உலகமே வலைக்குள் வந்து விழுந்தது.

உடையலாம் என்று விட்டதால்தான் வலை வளர்ந்தது. அப்படியானால் உடைந்ததை ஒட்டும் செலவு யார் கணக்கில்? பில் நேரே கையேடு எழுதுகிறவர்களிடம் வந்தது.

ஜாவா மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அதுவரை உலகமெங்கும் கையேடுகள் சன்னின் முகவரியைத்தான் கை காட்டிக்கொண்டிருந்தன. மைக்ரோசாஃப்டின் கையேடு வருடக்கணக்கில் எம்.எஸ்.டி.என். என்ற பெயரில் இருந்தது. 2016-ல் ‘டாக்ஸ்’ என்று புது வீடு, 2022-ல் ‘லேர்ன்’ என்று இன்னொரு வீடு. ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேர்களுக்கு இடம் கொடுத்த கூகுள் கோட் 2016-ல் கடையைக் கட்டியது.

இப்படிப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போக வழி இருக்கிறது. சர்வரிடம் ஒரு முகவரி கேட்டால் ஒரு எண்ணோடு பதில் சொல்லும். 301 என்றால், ‘அவங்க நிரந்தரமா வீடு மாத்திட்டாங்க, புது அட்ரஸ் இதோ.’ 410 என்றால், ‘காலமாகிட்டார்.’ 404 என்றால், ‘அப்படி யாரும் இல்லீங்களே!’ நல்ல குடித்தனக்காரர் 301 சொல்ல ஏற்பாடு செய்துவிட்டுப் போவார். பலர் செய்வதில்லை. 1998-லேயே பெர்னர்ஸ் லீ ஒரு குறிப்பு எழுதித் தலையில் அடித்துக்கொண்டார். முகவரிகள் தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்றார்.

சரி, தேடிக் கண்டுபிடித்து மாற்றுவது என்ன பெரிய வித்தை என்கிறீர்களா? செத்த லிங்கைக் கண்டுபிடிக்க மெஷின் போதும். பைத்தான் மொழியின் கையேட்டுக்காக உருவாகி 2008-ல் வெளிவந்த ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியில் அதற்கு வசதி உண்டு. லிங்க் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பதில் வராததைப் பட்டியல் போட்டுவிடும். சிக்கல், உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்லும் லிங்க்!

அதே பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரண்டாம் பதிப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று வரும். 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் 3.5. இரண்டும் அதனதன் விதிப்படி சரி. ஒரு கையேடு பழைய பக்கத்தைக் காட்டுகிறது, படிப்பவர் புது பைத்தானில் எழுதுகிறார் என்றால் என்ன ஆகும்? 404 வராது. பக்கம் அழகாகத் திறக்கும். கணக்கு மட்டும் தப்பும். அது யாருடைய சம்பளக் கணக்காகவும் இருக்கலாம்.

பைத்தான்காரர்கள் 2012-ல் உட்கார்ந்து இதை யோசித்தார்கள். கையேட்டின் வாசலை மூன்றாம் பதிப்புக்குத் திருப்புவது. ஆனால் பதிப்பு எண் போடாமல் உள்பக்கங்களுக்கு நேராக வரும் பழைய லிங்குகளை இரண்டாம் பதிப்புக்கே அனுப்புவது. ஏனென்றால், அந்த லிங்கைக் கொடுத்தவர் மனதில் இருந்தது அந்தப் பக்கம்தான். லிங்கைச் சரிசெய்வது என்றால் இதுதான். கதவு திறக்கிறதா என்று பார்த்தால் போதாது, உள்ளே இருப்பது அதே ஆளா என்று பார்க்க வேண்டும். அதை மெஷின் செய்யாது. யாரோ ஒருவர் இரண்டு பக்கத்தையும் படித்தாக வேண்டும்.

பக்கமே அழிந்திருந்தால் பழைய பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்காகவே ப்ரூஸ்டர் கேல் 1996-ல் இன்டர்நெட் ஆர்க்கைவைத் தொடங்கினார். அது சேமித்த பக்கங்கள் 2001-லிருந்து பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. எவ்வளவு அழிகிறது தெரியுமா? அமெரிக்காவின் ப்யூ ஆராய்ச்சி மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவிகிதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன.

செர்னில் இருந்த உலகத்தின் முதல் வலைப்பக்கமும் தப்பவில்லை. அதன் முகவரியைத் தட்டினால் வெறும் முகப்புக்குத் தள்ளிவிடும். 2013-ல்தான் செர்ன் ஒரு குழு அமைத்து, அதே முகவரியில் பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றியது. அதுவும் 1992-ம் வருடத்துப் பிரதி. அதற்கும் முந்தைய வடிவம் அப்போது செர்னின் கையில் இல்லை!

பாலம் திறந்தவருக்குக் கல்வெட்டு உண்டு. அதில் விழுந்த பள்ளத்தை அடைத்தவருக்குக் கிடையாது. எங்கோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து ஒரு கையேட்டின் ஒரே ஒரு வரியை மாற்றுகிறார். பழைய முகவரி போய்ப் புதியது வருகிறது. மறுநாள் காலை க்ளிக் செய்கிறவருக்கு அது உடைந்திருந்ததே தெரியாது.

1971-ல் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்தக்காரர் என்று ஒரு பெயர் இருந்தது. வலையில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றுகிறவர், பெயர் போடாமல் அதில் கையெழுத்துப் போடுகிறார்.