குடும்பச் சூழல் அளவுகோல்

ஒரு வீட்டில் வாழ்வோர் தங்கள் குடும்ப உறவுகளையும் நடைமுறைகளையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அளக்கும் உளவியல் வினாத்தாள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூடால்ஃப் மூஸ், பெர்னிஸ் மூஸுடன் இணைந்து உருவாக்கியது.

இத்தகைய அளவீட்டுக்கு முன்பே இதையொட்டிய கருத்துகள் இருந்தன. ஒன்றோடொன்று உறவாடும் ஆளுமைகளின் ஒருமையே குடும்பம் என்று சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1926இல் எழுதினார். சூழல் மனிதர்மீது செலுத்தும் அழுத்தத்தைப் பற்றி உளவியலாளர் ஹென்றி மர்ரே 1938இல் பேசினார்.

ரூடால்ஃப் மூஸ் முதலில் அளந்தது குடும்பத்தை அல்ல, மனநல மருத்துவமனை வார்டுகளின் சூழலை. பிறகே வீட்டுக்கு வந்தார். அளவுகோல் வெளியான ஆண்டாகச் சிலர் 1974ஐயும், சிலர் கையேடு வந்த 1981ஐயும் குறிக்கின்றனர். இதில் 90 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று விடை தர வேண்டும். ஒன்பது ஒன்பதாக அவை பத்துக் கூறுகளில் அடங்கும்: பிணைப்பு, மனம்விட்டுப் பேசுதல், சச்சரவு, தன்னுரிமை, சாதனை நாட்டம், அறிவு-பண்பாட்டு நாட்டம், பொழுதுபோக்கு, அறம்-சமயம், ஒழுங்கு, கட்டுப்பாடு. கூற்றுகள் அன்றாட வாழ்வை ஒட்டியவை. கோபத்தில் பொருளை வீசுவது, நூலகம் போவது, சாப்பிட்ட கையோடு பாத்திரம் கழுவுவது எல்லாம் இடம்பெறுகின்றன. குடும்பத்தை அறிய எச்சில் பாத்திரம்வரை வந்து பார்த்ததே இதன் சிறப்பு.

வினாத்தாளுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், புதிய சூழலில் எப்படி இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது என அவை தனித்தனியே கேட்கும். தந்தையும் மகளும் ஒரே வீட்டைப் பற்றித் தனித்தனியே விடை எழுதினால், இருவரின் மதிப்பெண்களுக்கும் இடையிலான வேறுபாடு தனி அளவாகக் கணக்கிடப்படும். ஒரே கூரையின்கீழ் இரண்டு வீடுகள் இருக்கலாம் என்பதை எண்ணாகக் காட்டிய பகுதி இது.

1990இல் ஆய்வாளர்கள் ரூசா, பீல்ஸ் இருவரும் சில கூறுகளின் உள்ளிணக்கம் (ஒரே கூறிலுள்ள கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) போதாது என்று எழுதினர். மூஸ் அதை மறுத்தார். பத்துக் கூறுகளும் உண்மையில் தனித்தனியானவைதாமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூஸின் அளவுகோல் வெளியான காலத்தை ஒட்டியே குடும்பங்களை அளக்கும் வேறு கருவிகளும் வந்தன: ஐந்தே கேள்விகள் கொண்ட குடும்ப அப்கார் (1978), மெக்மாஸ்டர் கருவி (1983). மூஸின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 1994இல் வெளியானது.

அளவுகோலின் இந்தியத் தழுவலை ஹர்ப்ரீத் பாட்டியா, என்.கே. சாதா ஆகியோர் 1993இல் உருவாக்கினர். அதில் 69 கூற்றுகளே உள்ளன. ஏற்பும் அக்கறையும் என்னும் கூறு புதிதாகச் சேர்க்கப்பட்டது.