வழியில் சோறு எங்கே கிடைக்கும்? - சங்கரன்கோவில் பக்கத்து சாப்பாட்டு வரலாறு



போன ஆடித்தபசுக்கு ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர் எங்க ஊர் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "கோயில் எங்கே?" என்பதில்லை. "மாப்ள, பிரியாணிக் கடை எங்கடா?" என்பதுதான். எங்க ஊர் சுல்தான் பிரியாணியின் புகழ் அப்படி :-)

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்க சின்னப் பிள்ளையில தபசுக்கு மாட்டு வண்டியில வருவோம். கட்டுச்சோறுதாம்ல. புளிச்சோத்த மரத்தடியில வச்சுத் தின்னுட்டு சாமி பாக்கப் போவோம்."

"ஏன் தாத்தா, அப்போ இங்கே ஓட்டல் இல்லையா?"

"இருந்துச்சு. நம்மள உள்ள விடணும்லா?"

அந்த ஒரு பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வெளியூர் போனால் எங்கே சாப்பிடலாம் என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். கையில் காசு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் உட்காரலாம் என்ற நிலைமை நம் பக்கத்தில் எப்போது வந்தது?

ஆற்றுப்படை

பயணிக்கு எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. பள்ளியில் மனப்பாடம் செய்த ஆற்றுப்படை நூல்கள் அதைத்தானே செய்கின்றன! பரிசு வாங்கிவந்த பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊருக்குப் போனால் மீன், காட்டு ஊரில் புளி சேர்த்த சூடான சோறும் இறைச்சியும், வயல் ஊரில் வெள்ளைச் சோறும் நண்டும் என்று வரிசையாகப் பட்டியல் வருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாம் கடைகள் இல்லை, வீடுகள். வழிப்போக்கன் போய் நின்றால் அந்த வீட்டுக்காரர்கள் சோறு போடுவார்கள். கடைச் சாப்பாடும் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. மதுரையின் கடைத்தெருவில் அடையும் மோதகமும் விற்றதை மதுரைக்காஞ்சி சொல்கிறது. ஆனால் கிராமத்து வழியில் நடப்பவனுக்கு வீடுதான் கதி.

சத்திரம்

நாயக்கர் காலத்துக்கு வந்தால், நம்ம பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் ராணி மங்கம்மாள். 1689-ல் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

சத்திரம் பெரிய தர்மம், சந்தேகமே இல்லை. ஆனால் தர்மச் சோறும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. பல சத்திரங்களில் சமைத்த சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு கொடுத்து நீயே பொங்கிக்கொள் என்பார்கள். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே திண்ணைகூடக் கிடையாது. தாத்தாவின் கட்டுச்சோற்றுக்கு இங்கேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ரயிலும் காபி கிளப்பும்

1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்தது. சங்கரன்கோவில் வழியாகப் போகும் பாதை இதுதான். ரயில் பெட்டியில் எல்லா சாதிக்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் சாதி கேட்கவில்லை. ஆனால் பெரிய ரயில் நிலையங்களில் இறங்கிச் சாப்பிடப் போனால் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம்! நீதிக்கட்சிக்காரர்களும் பெரியாரும் இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 1941-ல்தான் ரயில்வே இந்தப் பிரிவினையை எடுத்தது.

ரயில்வே மட்டுமல்ல. நம் நெல்லைச் சீமையிலேயே நடந்த சேரன்மாதேவி குருகுல விவகாரத்தைப் படித்திருப்பீர்கள். 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தேசியப் பள்ளி அது. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது தெரியவந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். பொதுமக்கள் நன்கொடை பெற்ற பள்ளியில் தனிப் பந்தியா என்பது அவர்கள் கேள்வி. தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிய சண்டைகளில் ஒன்று, பிள்ளைகளை எங்கே உட்கார வைத்துச் சோறு போடுவது என்பதில் தொடங்கியது!

ஊர்களில் காபி கிளப்புகள் பெருகியபோது 'பிராமணாள்' என்ற பெயர்ப் பலகைகளும் பெருகின. 1957-ல் அந்தச் சொல்லை அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் நடத்தினார். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் வாசலில் மாதக்கணக்கில் மறியல் நடந்தது.

சட்டம் வந்தது

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைக்கும் பொது உணவகத்துக்கும் ஓட்டலுக்கும் போவதில் சாதியைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது என்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. உள்ளே விடுவது மட்டுமல்ல, அங்கே பொதுவில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடுப்பதும் குற்றம் என்று எழுதியிருக்கிறது. டீக்கடை இரட்டைக் குவளை நேராக இதில் மாட்டும். ஆனாலும் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இரட்டைக் குவளைச் செய்திகள் நம் தென்மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன.

தாத்தாவிடம், "அப்போ எங்கேதான் முதன்முதலில் உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஒரு பாய் கடையில. பெஞ்சுல உக்காரச் சொன்னாரு. எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஒண்ணும் கேக்கல. எத்தன புரோட்டான்னு மட்டும் கேட்டாரு" என்றார். எல்லாக் கடையும் அப்படி இருந்ததா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குப் புரோட்டாவின் ருசியைவிட அந்த பெஞ்சுதான் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பார்டர்

எங்க ஊரிலிருந்து தென்காசி, செங்கோட்டைப் பக்கம் போனால் பிரானூர் 'பார்டர்' கடைகள் பிரபலம். குற்றாலத்தில் குளித்துவிட்டு பார்டரில் புரோட்டா, கோழி சாப்பிடாமல் திரும்புபவர்கள் குறைவு. இங்கே என்ன பார்டர், கேரளா இன்னும் மேற்கே அல்லவா இருக்கிறது என்று யோசித்ததுண்டா? செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. எல்லை மலைக்கு நகர்ந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையின் பெயரில் மட்டும் பழைய எல்லை அப்படியே நிற்கிறது.

ஒரு நாட்டு எல்லை அறுபது, எழுபது வருடத்தில் கடைப் பெயராக மாறிப்போகும் என்றால், பந்தியில் போட்ட எல்லையும் ஒருநாள் அப்படிப் போகும் என்று நம்பலாம். ஆனால் அது தானாகப் போகவில்லை என்பதைத்தான் மேலே சொன்ன வருடங்கள் காட்டுகின்றன. 1941, 1955, 1957 - ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள்.

எங்க ஊர் சாமி சங்கரநாராயணர். பாதி சிவன், பாதி திருமால். இருவரும் ஒன்றே என்று காட்டச் சொல்லி கோமதி அம்மன் தவம் இருந்ததைத்தான் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். அந்தத் திருவிழாவுக்கு வந்தவர்களே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அடுத்த தபசுக்கு நண்பர்களோடு தாத்தாவையும் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அந்தக் காலத்தில் வெளியூர் போனால் எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு கொஞ்சம் கிடைக்கும்.

மீண்டும் இன்னொரு கட்டுரையில் சந்திப்போம்.