ஜன நாட்டிய மஞ்ச்

தில்லியின் இந்தி வீதி நாடகக் குழு, சுருக்கமாக ‘ஜனம்’. 1973-இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவர் சஃப்தர் ஹாஷ்மி (1954–1989). முதலில் மேடை நாடகங்களையே போட்டார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு, நாடகம் போட அழைத்துக்கொண்டிருந்த தொழிற்சங்கங்களின் கையில் காசில்லை. வீதிக்கு வந்ததில் கொள்கைக்கு இருந்த பங்கு வறுமைக்கும் உண்டு.

முதல் வீதி நாடகம் ‘மஷீன்’ (1978). காஜியாபாத் தொழிற்சாலை ஒன்றில் சைக்கிள் நிறுத்த இடம், கேன்டீன் போன்ற சின்னக் கோரிக்கைகளை வைத்த தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து பிறந்தது. அரங்கப் பொருள் கிடையாது. நடிகர்கள் நெருக்கி நின்று, கைகால்களை ஒரே தாளத்தில் அசைத்து, வாயால் ஓசை எழுப்பி இயந்திரமாகிறார்கள். திடீரென இயந்திரம் நின்றுபோகிறது. மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. தால்கடோரா அரங்கத்தில் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்தவர்களில் சிலர் இதை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போய், ஊரில் தங்கள் மொழியில் தாங்களே நடித்தார்கள். பார்வையாளர் பங்கேற்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஜனத்தின் ஆட்டக்களம் வட்டமானது. சுற்றி நிற்பவர் நடிகரோடு எதிர்ப்பக்கத்து முகங்களையும் பார்க்கிறார். எங்கே சிரிக்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்திடமே நிதி திரட்டுவார்கள், பேச்சு தொடரும். 1979-இல் பஸ் கட்டணம் உயர்ந்தபோது சில மணி நேரத்தில் ஒரு நாடகத்தைத் தயாரித்து, பயணிகள் நடுவிலேயே நடத்தினார்கள்.

1989 ஜனவரி 1 அன்று, தில்லியை ஒட்டிய சாஹிபாபாத் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழு தாக்கப்பட்டது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். சஃப்தர் மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய் நாடகத்தை முழுமையாக நடத்தினார்கள், ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சஃப்தர் பிறந்த ஏப்ரல் 12 தேசிய வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2012-இல் மேற்கு தில்லி ஷாதி காம்பூரில் ‘ஸ்டூடியோ சஃப்தர்’ என்ற சிறு அரங்கும் தொடங்கப்பட்டது.

பார்வையாளருக்கு இவ்வளவு இடம் இருந்தாலும், ஜனத்தின் பிரதி பெரும்பாலும் முன்கூட்டி எழுதப்பட்டதே. பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில் பார்வையாளர் நாடகத்தை நிறுத்தி, நடிகரை விலக்கி, தானே நடித்துக் கதையின் போக்கை மாற்றலாம். இந்தியாவில் அதைப் பரவலாகக் கையாள்வது தில்லிக் குழு அல்ல, மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி.