டாப் ஸ்டேஷன்: தண்டவாளம் அழிந்த பின்னும் நிற்கும் பெயர்

புதுதில்லியில் மோதி பாக் குடியிருப்புப் பகுதியை அடுத்து, சாணக்கியபுரியில் தேசிய இரயில் அருங்காட்சியகம் உள்ளது. 1971-இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்டிய இந்நிறுவனம் 1977-இல் திறக்கப்பட்டது. இங்குள்ள காட்சிப் பொருள்களுள் இரயில் ஆர்வலர்களை நெடுநேரம் நிறுத்திவைப்பது, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் பட்டியாலா சமஸ்தானத்து நீராவி எந்திரம். பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன்–கொப்பெல் நிறுவனம் வடித்த எந்திரம் அது. அதன் அருகில் நிற்போரில், அதே முறையில் அமைந்த பாதையொன்று அதற்கும் முன்பே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையில் இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

இம்முறைக்கு ‘யூவிங் முறை’ என்று பெயர். சாலையின் ஓரத்தில் ஒரேயொரு தண்டவாளம் பதிக்கப்படும். வண்டியின் சிறு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மீது உருளும். பக்கவாட்டில் நீளும் பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். சுமையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்டவாளத்தின் மீதும், எஞ்சியது சாலையின் மீதும் தங்கும். மண்சாலையில் மரச்சக்கர வண்டியை இழுப்பதைவிட இரும்பின்மேல் உருளும் இரும்பை இழுப்பது எளிது. ஆகவே ஒரு விலங்கு முன்னைவிடப் பன்மடங்கு சுமையை இழுக்கும். தனிப்பாதை வெட்ட வேண்டியதில்லை, இரண்டாம் தண்டவாளத்துக்குச் செலவில்லை. அகலமான பாதையை வெட்ட இயலாத மலைச்சரிவுக்கு இவ்விரு சிக்கனங்களும் பெரிதும் பொருந்தின.

பட்டியாலாவில் இப்பாதை 1907-இல் சமவெளியில் தொடங்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1902-இல், மூணாறு மலைகளில் குண்டளைப் பள்ளத்தாக்கின் வண்டிப்பாதையை ஒட்டி யூவிங் முறைத் தண்டவாளம் பதிக்கப்பட்டுவிட்டது. அங்கு நீராவி எந்திரம் இல்லை. வண்டிகளை எருதுகள் இழுத்தன. 1897-இல் உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் தேயிலையை வெளியுலகுக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம்.

அத்தேயிலை சென்ற வழியைக் கவனித்தால் மலையின் செங்குத்துத் தன்மை புலப்படும். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாகப் பாதை மலைமுகட்டை அடைந்தது. அந்த முகடே டாப் ஸ்டேஷன். அதற்கு அப்பால் மலை தேனிப் பக்கமாகச் செங்குத்தாக இறங்குகிறது. எந்தத் தண்டவாளமும் அச்சரிவில் இறங்க இயலாது. எனவே தேயிலைப் பெட்டிகள் ரோப்வே எனப்படும் கம்பிவடப் பாதையில் தொங்கவிடப்பட்டு, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழேயுள்ள கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்து, பின்னர்க் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் விளைந்த தேயிலை சென்னை மாகாணத்தின் வழியே கடலை நோக்கிச் சென்றது.

1908-இல் ஒற்றைத் தண்டவாளம் நீக்கப்பட்டு, இரண்டடி அகல இருப்புப்பாதை போடப்பட்டது. எருதுகளின் இடத்தைச் சிறு நீராவி எந்திரங்கள் பெற்றன. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே என வரலாற்றில் அறியப்படுவது இதுவே. அதன் ஆயுள் பதினாறு ஆண்டுகள். கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று கேரளம் நினைவுகூரும் 1924 ஜூலைப் பெருமழையில் மலைகள் சரிந்தன; பாதையும் பாலங்களும் நிலையங்களும் அடித்துச் செல்லப்பட்டன. பழைய ஆலுவா–மூணாறு சாலையும் அவ்வெள்ளத்தில் அழிந்தது. இரயில் பாதை மீண்டும் கட்டப்படவில்லை.

காலம் செய்த முரண் ஒன்றும் இங்குண்டு. மலை இரயிலில் வந்த தேயிலைக்காகப் போடியில் இரயில் காத்திருந்த காலம் ஒன்று இருக்கவே இல்லை. மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-இல்தான் திறக்கப்பட்டது. மேலே இரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே இரயில் வந்தபோது மேலே இல்லை.

இன்று அவ்வழியைத் தேடிச் செல்லும் ஆர்வலர் காண்பது மிகக் குறைவு. மூணாற்றின் பழைய இரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாக மாறிவிட்டது. அவ்வூர்த் தேயிலை அருங்காட்சியகத்தில் எந்திரச் சக்கரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. பாதை சென்ற பள்ளத்தாக்கில் பின்னாளில் கட்டப்பட்ட மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளின் நீர் தேங்கி நிற்கிறது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் காட்டுவழியில் வனத்துறையின் அனுமதி பெற்றே நடக்க வேண்டும்.

தில்லியில் முழு எந்திரம், மூணாற்றில் ஒரு சக்கரம்: இவ்வேறுபாட்டுக்கு வெள்ளம் மட்டுமே காரணமன்று. பட்டியாலாப் பாதை 1927-இல் மூடப்பட்டபின், அதன் எஞ்சிய பொருள்கள் பொதுப்பணித் துறைக் கொட்டகையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்தன. 1962-இல் இரயில் வரலாற்று ஆர்வலர் மைக் சாட்டோ அவற்றைக் கண்டறிந்தார். அமிர்தசரஸ் பணிமனையில் எந்திரம் மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. அரசின் உடைமை என்பதால் அதற்கு ஒரு கொட்டகை இருந்தது. கொட்டகை இருந்ததால் பிற்காலத்தில் ஓர் அருங்காட்சியகம் கிடைத்தது. தோட்ட நிறுவனத்தின் சரக்குப் பாதைக்கு இவை வாய்க்கவில்லை. பயணிகளுக்காக அமைந்து, 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான நீலகிரி மலை இரயிலின் பேறும் அதற்கு இல்லை. மரபு என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் பூட்டிவைக்க இடம் பெற்றிருந்த பொருள்களே.

ஆயினும் கொட்டகை தேவைப்படாத ஆவணம் ஒன்று உண்டு, அது பேச்சு. ஏறத்தாழ நூறாண்டுகளாக இரயிலே வராத மலைமுகட்டை மக்கள் ‘டாப் ஸ்டேஷன்’ என்றே அழைக்கின்றனர். சரிவின் நடுவேயுள்ள சிற்றூருக்குச் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று பெயர். கம்பிவடம் முடிந்த அடிவாரம் ‘பாட்டம் ஸ்டேஷன்’ எனப்பட்டது. மேல், நடு, அடி என்ற மூன்று சொற்களும் சேர்ந்து, அழிந்துபோன போக்குவரத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அப்படியே காட்டுகின்றன. வரைபடம் இல்லாதவரும் இப்பெயர்களைக் கொண்டு அமைப்பை மீட்டெடுக்கலாம். பொதுப்பெயராக வந்த ஆங்கிலச் சொல் பொருளை இழந்தபின் இடப்பெயராக உறைந்துவிட்டது. உறைந்ததனாலேயே அது சான்றாயிற்று.

இன்னொரு சொல் இன்னும் அழுத்தமான சான்று. மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறிய தமிழ்த் தொழிலாளர்கள் தங்கிய வரிசை வீடுகள் ‘லயம்’ எனப்படுகின்றன. இலங்கை மலையகத்திலும் ‘லயம்’, ‘லயன்’ என்னும் வழக்குகள் உண்டு. அவற்றின் மூலம் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல். இரயில் பாதையைக் குறிப்பதும் அதே சொல்தான். தேயிலையைச் சுமந்த லைன் ஒரே மழைக்காலத்தில் மறைந்தது. தேயிலையைக் கொய்தவர்களை அடைத்த லைன் இன்றும் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டபோது, புதைந்தவை அத்தகைய லய வீடுகளே. இறந்தோரில் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட குடும்பத்தினர். 1924-இல் பாதையைக் கொண்டுபோனதும் இதே மலைகளின் மழையே.

எனவே இப்பாதையின் வரலாற்றை எந்திரங்களின் வரலாறாக மட்டும் எழுதுவது குறைபாடுடையது. எந்திரம் வடித்த நிறுவனத்தின் பெயர் தெரிகிறது; தண்டவாளம் பதித்த கைகளின், எருதை ஓட்டியவரின் பெயர்கள் தெரியவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் மூணாற்றிலும் தேனி மாவட்டத்து ஊர்களிலும் இன்றும் வாழ்கின்றனர். வளைவுக்கும் ஓடைக்கும் பாலத்தடிக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுக்கும் களப்பணி, வழக்கில் அப்பெயர்கள் உள்ளபோதே நிகழவேண்டும். இரும்பை மீட்டெடுக்க முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. வாய்மொழிப் பெயர் அதை வழங்கும் கடைசித் தலைமுறையோடு போய்விடும்.