எந்த ஊர் வானொலி?

யூனியன்விலில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், பழைய குளிரங்கிகளுக்கும் ஓடாத தையல் மெசினுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. வானொலிப்பெட்டிதான். ஆனால் நிலையம் தேடித் திருப்பும் குமிழ் அதில் இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஓர் உணர்கம்பி, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நாள் முழுவதும் தமிழ் வானொலி கேட்க விரும்பியவர்கள் இப்படி ஒரு பெட்டியைத் தமிழ்க்கடையில் வாங்கி வந்தார்கள். எங்கள் பெட்டியில் ஒரேயொரு நிலையம்தான் கேட்கும். இன்று அதுவும் இல்லை. மின்சாரம் கொடுத்தால் இரைச்சல் மட்டுமே வருகிறது.

அண்மையில் இதை வீசிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போதுதான், தமிழில் வானொலியை முதலில் யார் தொடங்கினார்கள், யாருக்காகத் தொடங்கினார்கள் என்று தேடிப் படித்தேன். படித்தபின் பெட்டியை வீச மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு எழும்பூரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வானொலியின் கதையை அரசாங்கத்திலிருந்து தொடங்குவதே பலருக்கும் வழக்கம். உண்மையில் அது ஆர்வலர்களின் கழகம் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1924 ஆம் ஆண்டு மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைக்கப்பட்டது. அதில் முன்னின்றவர் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. முதலில் அவர்களிடம் இருந்த ஒலிபரப்புக் கருவியின் வலு 40 வாட். வீட்டு மின்குமிழ் ஒன்றின் வலுதான் அது. பிறகு 200 வாட் கருவி வந்தது. மாலை வேளைகளில் இசையும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். கேட்பவர்கள் காதில் மாட்டும் கருவியோடு சிறு படிகப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரமோ பற்றரியோ தேவையில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாம். வால்வு போட்ட பெட்டி பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது.

கழகம் சந்தாப் பணத்தையும் நன்கொடையையும் நம்பியிருந்தது. கேட்பவர் தொகை கூடாமல் சந்தா கூடாது, சந்தா கூடாமல் நிகழ்ச்சி நன்றாக அமையாது, நிகழ்ச்சி நன்றாக அமையாமல் கேட்பவர் கூடார். இந்தச் சுழலிலிருந்து அவர்களால் வெளியே வர முடியவில்லை. 1927 ஒக்ரோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது.

பணம் படைத்தவர்களும் இதில் வென்றுவிடவில்லை. அதே 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பனியின் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். அடுத்த மாதம் கல்கத்தா நிலையம் திறக்கப்பட்டது. சென்னைக்கு நிலையம் கிடைக்கவில்லை. வானொலிப்பெட்டி வைத்திருக்க ஆண்டுக்குப் பத்து ரூபா அனுமதிக் கட்டணம். அதில் எண்பது வீதம் கம்பனிக்குப் போயிற்று. ஆனால் இந்தியா முழுவதிலும் அனுமதி பெற்றவர்கள் எண்ணாயிரத்தை எட்டவில்லை. 1930 மார்ச் முதலாந் திகதி கம்பனி கலைக்கப்படும் நிலைக்கு வந்தது.

இனி நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கழகம் தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்திருந்தது. 1930 ஏப்ரல் முதலாந் திகதி மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே நாளில்தான் பம்பாய், கல்கத்தா நிலையங்களை இந்திய அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கே வானொலி அரசாங்கத்தின் கைக்குப் போன நாளில், சென்னையில் அது நகரசபையின் கைக்கு வந்தது. தெருவிளக்கையும் குடிநீரையும் குப்பையையும் பார்த்துக்கொண்ட அதே நிர்வாகம் மாலையில் பாட்டும் போட்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடங்கள் ஒலிபரப்பப்பட்டன. வானொலிப்பெட்டி வாங்க வசதியில்லாதவனும் கடற்கரை மணலில் இருந்து கேட்டான். தமிழ்நாட்டில் உண்மையிலேயே ஊருக்குச் சொந்தமான வானொலி ஒன்று இருந்ததென்றால், அது இந்த எட்டு ஆண்டுகளில்தான்.

1936 ஜூனில் அரசாங்கத்தின் ஒலிபரப்பு அகில இந்திய வானொலி என்ற பெயரைப் பெற்றது. 1938 ஜூன் 16 அன்று அதன் சென்னை நிலையம் தொடங்கியது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அத்தோடு முடிந்தது. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் வந்தது. எழும்பூர்க் கழகம் அமைக்கப்பட்டு அன்றைக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள். 1947 இல் நாடு பிரிந்தபோது இந்தியாவுக்குக் கிடைத்த நிலையங்கள் ஆறு. அவற்றில் இரண்டு, சென்னையும் திருச்சியும், தமிழ் நிலத்தில் இருந்தன. வித்துவான்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வானொலி படியளந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எதை ஒலிபரப்புவது என்பதை இறுதியில் டில்லி தீர்மானித்தது.

டில்லி தீர்மானித்ததன் விளைவு இலங்கையில் தெரிந்தது. கொழும்பில் 1923 இலேயே தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் பரீட்சார்த்தமாக இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார்கள். முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்தக் கருவியைச் செய்தார்கள் என்பது வரலாறு. எட்வேர்ட் ஹாப்பர் என்ற பிரதம பொறியியலாளரின் முயற்சியில், 1925 டிசம்பர் 16 அன்று ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமானது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் அமைந்த பலமான சிற்றலை நிலையம் 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்ரெம்பரில் வர்த்தக சேவை ஆரம்பித்தது. 1952 இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார். தமிழ்நாட்டு நேயர்கள் கொழும்புக்குத் திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனனின் குரல் மதுரைத் தேநீர்க்கடைகளிலும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக்கடைகளிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

யாழ்ப்பாணத்தவரோ இரவில் திருச்சிக்குத் திருப்பினார்கள். நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாணத்துக்குத் திருச்சி சுமார் 190 கிலோமீற்றர், கொழும்பு சுமார் 300 கிலோமீற்றர். மத்திய அலை உப்புநீர்ப் பரப்பின்மேல் நன்றாகப் பயணம் செய்யும். அதனால் திருச்சியின் சங்கீதக் கச்சேரி எங்கள் வாசிகசாலைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டாகவே வந்து சேர்ந்தது. தமிழ்நாடு கொழும்பைக் கேட்டது, யாழ்ப்பாணம் திருச்சியைக் கேட்டது. இரு கரையாரும் காதைக் கடலுக்கு அப்பால் வைத்திருந்த காலம் அது.

அப்படியானால் யாழ்ப்பாணத்தின் உள்ளூர் வானொலி எது? அங்கே ஒலிபரப்பு நிலையம் இருக்கவில்லை. 1979 இல் அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை என்ற பெயரில் பிராந்திய ஒலிபரப்புத் தொடங்கியபோதும் எங்கள் பக்கத்துக்கு அப்படியொன்று கிடைக்கவில்லை. இருந்தும் எங்களுக்கு உள்ளூர் வானொலி இருந்தது. அது கொழும்பிலிருந்து வந்த மரண அறிவித்தல்.

அந்த வாசிப்பை மறந்தவர் இருக்க மாட்டார். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்னாரின் மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று ஒவ்வொரு பெயராக வரும். பிறகு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மயானம். கண்டியில் உத்தியோகம் பார்ப்பவரும் மன்னாரில் வயல் செய்பவரும் அதைக் கேட்டே இரவு ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ ஓடினார்கள். தந்தி வந்து சேர முன்னரே வானொலி சொல்லிவிடும். பாட்டு எங்கிருந்தும் வரலாம். சாவுச் செய்தியை நம் பெயரோடும் ஊரோடும் சொல்கிற வானொலிதான் நம்முடையது. கோபுரம் எங்கே நிற்கிறது என்பது இரண்டாம் பட்சம். எழும்பூரையும் ஏக்கலையையும் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது.

போர் வந்தபோது இந்த உறவு அறுந்தது. 1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற நாலு வீட்டார் கேட்பார்கள். பி.பி.சி.யின் தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸும் அப்படித்தான் கேட்கப்பட்டன. அதே 1990 இல் விடுதலைப் புலிகளின் நிலையமான புலிகளின் குரல் தொடங்கியது. தமிழ் நிலத்திலிருந்தே வந்த ஒலிபரப்பு அது. ஆனால் இயக்கம் சொல்ல விரும்பாதது அதில் வராது. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் அந்த நிலையத்தின்மீது விமானங்கள் குண்டு வீசின. அங்கே வேலை செய்தவர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் போரிலிருந்து தப்பி ரொறன்ரோ வந்தவர்களும் வானொலி தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டி அந்தக் கதையைச் சேர்ந்தது. கனடாவில் சொந்த அலைவரிசை பெற ஒலிபரப்பு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். புதிதாக வந்து தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரட்டை வேலை செய்த சமூகத்துக்கு அது எட்டாக்கனி. ஆனால் ஒரு வழி இருந்தது. ஒரு பண்பலை நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் முழுவதையும் அதன் நிகழ்ச்சி பிடிப்பதில்லை. மிஞ்சும் இடத்தில் 67 அல்லது 92 கிலோஹேர்ட்ஸில் ஒரு துணையலையை ஏற்றலாம். சாதாரண வானொலிப்பெட்டியில் அது கேட்காது. அதைப் பிரித்தெடுக்கும் விசேட பெட்டி வேண்டும். மேல்வீட்டில் வீட்டுக்காரர் இருக்க, நாங்கள் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்த காலம் அது. வானொலியிலும் அப்படியே இருந்தோம்.

கீதவாணி, கனேடியத் தமிழ் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர்கள் அன்று வீட்டுக்கு வீடு ஒலித்தன. அந்தக் கூட்டுத்தாபனம் என்ற சொல்லிலேயே கொழும்பு ஞாபகம் இருக்கிறது. இலங்கை வானொலி 1967 இல் கூட்டுத்தாபனமானது. பணம் வந்த வழியைப் பார்த்தால், நாங்கள் எழும்பூர்க் கழகத்துக்கே திரும்பியிருந்தோம். நேயர் பெட்டி வாங்கினார், கடைக்காரரும் வழக்கறிஞரும் வீட்டு முகவரும் விளம்பரம் கொடுத்தார்கள், அறிவிப்பாளர் பகல் வேலை முடித்து வந்து ஒலிவாங்கியின் முன் இருந்தார். 2003 இல் ஆணைக்குழு அனுமதித்து, 2004 இல் 101.3 பண்பலையில் பல மொழிகளுக்கான ஒரு நிலையம் தொடங்கியபோது எந்தக் காரிலும் தமிழ் கேட்கக்கூடியதாயிற்று. பிறகு இணையம் வந்தது. கறுப்புப் பெட்டிகள் நிலக்கீழ் அறைகளில் முடங்கின.

எங்கள் பெட்டியிலும் மரண அறிவித்தல் வந்தது. 1996 இல் ஊரில் பெரியம்மா காலமானார். இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போயிருந்த இடத்தில் நடந்தது. செய்தி எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. அம்மா நிலையத்துக்குத் தொலைபேசியில் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தப் பெயரும் விடுபடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலை அது வாசிக்கப்பட்டது. மயானத்தின் பெயரைச் சொல்ல வழியில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார்கள். சனிக்கிழமை வீடு நிரம்பியது. இருபது வருடமாகக் காணாத ஊரவர்கள் மிசிசாகாவிலிருந்தும் ஸ்காபறோவிலிருந்தும் பனியில் வந்தார்கள். பிரேதம் இல்லாத செத்தவீடு. ஆனாலும் அது செத்தவீடாக நடந்தது, வானொலி சொன்னபடியால்.

அந்த அறிவித்தலைக் கசெற்றில் பதிந்து வைத்திருந்தோம். அதன் முடிவில், ஒலிபரப்பின் பிறகு நன்றி சொல்ல எடுத்தபோது அம்மா பேசியதும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, வெற்றுக் கசெற் என்று நினைத்து அதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்தவன் நான்தான். அம்மா இப்போது இல்லை. அந்தக் குரலும் இல்லை.

சென்னைக் கழகத்தின் ஒலிபரப்பில் ஒரு நிமிடத்தையேனும் நாம் கேட்க வழியில்லை என்பதற்கு நியாயம் உண்டு. அன்று எல்லாம் நேரடியாகவே போயின. ஒலிநாடா பாவனைக்கு வரும் முன்னரே கழகமும் மாநகராட்சி நிலையமும் முடிந்துவிட்டன. நமக்கு அந்த நியாயம் இல்லை. நம்மிடம் கசெற் இருந்தது, பதிவுப் பெட்டி இருந்தது, கேட்கத் தெரிந்த சனம் இருந்தது. நாங்கள் அதை வரலாறு என்று எண்ணவில்லை. நிலையம் இடம் மாறினால் பழைய நாடாக்கள் குப்பைக்குப் போயின. வீட்டில் எங்கள் கையாலேயே அழித்தோம். ஒரு சமூகம் தன் சாவுகளைத் தானே அறிவித்துக்கொண்ட பத்துப் பதினைந்து வருடம் இப்படிக் குறைந்துகொண்டு போகிறது.

எழுத்தை ஓரளவு காப்பாற்றியிருக்கிறோம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒலிக்கும் அந்த அக்கறை வேண்டும். அதற்குக் கோபுரமோ ஆணைக்குழுவின் அனுமதியோ தேவையில்லை. உங்கள் நிலக்கீழ் அறையில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற்றுகள் இருக்கலாம். பாட்டு என்று எழுதியிருக்கும் உறைக்குள் வேறு ஏதாவது இருக்கலாம். ஒருமுறை போட்டுக் கேளுங்கள். நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் உறையில் எழுதுங்கள். பேசுபவர் யார் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.