களத்தில் வீழாதோர்

போர்களைப் பற்றி நாம் படித்த வரலாற்று நூல்கள் பெரும்பாலும் களத்தில் வீழ்ந்தோரை எண்ணும். வென்றவர் பெயரைக் கூறும். பின் அடுத்த அத்தியாயத்திற்குச் சென்றுவிடும். மருந்தின்றி மடிந்த குழந்தைக்கு அவற்றில் இடமில்லை. யமன் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வாறு கடந்துவிட இயலாது.

2014 செப்டம்பரில் ஹூத்திகள் தலைநகர் ஸன்ஆவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது. இவை நாளேடுகளில் யாவரும் படித்த செய்திகள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. யமன் மக்கள் உண்ணும் கோதுமையில் பெரும்பங்கு கடல் கடந்து வருவது. உணவுப் பொருள்கள் மிகுதியாக வந்திறங்கும் துறைமுகம் ஹுதைதா. 2015 ஆகஸ்டில் அத்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கூட்டணியின் குண்டுவீச்சில் சிதைந்தன. சரக்கிறக்குவது தடைபட்டது. 2016 செப்டம்பரில் மத்திய வங்கியின் தலைமையகம் ஸன்ஆவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டது. அதையொட்டிப் பல இலட்சம் அரசு ஊழியருக்கு ஊதியம் நின்றது. பள்ளி ஆசிரியரும் மருத்துவமனைத் தாதியரும் குப்பை அள்ளுவோரும் அவர்களுள் அடங்குவர். அள்ளாத குப்பையும் கெட்ட குடிநீரும் சேர்ந்தால் என்னாகும்? 2017-ல் காலரா பரவியது. அவ்வாண்டு முடியுமுன் நோய்கண்டதாக ஐயுறப்பட்டோர் தொகை 10 இலட்சத்தை எட்டிற்று. குண்டு விழாத ஊர்களிலும் போர் இப்படித்தான் நுழைந்தது.

இதனை முன்கூட்டியே கணிக்க இயலாதா? இயன்றது. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் அறிக்கை அளித்தனர். போர் மூளாதிருந்தால் யமன் எந்நிலையில் இருந்திருக்கும் என்று கணித்து, அதனைப் போர் கண்ட யமனோடு ஒப்பிட்டனர். 2019 இறுதிக்குள் 2,33,000 பேர் மாண்டிருப்பர். அவர்களுள் 1,31,000 பேர் உணவும் மருத்துவமும் இன்றி இறந்தோர். மொத்த இறப்பில் 1,40,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்பது அவர்தம் கணிப்பு. வாழ்நாள், கல்வி, வருவாய் ஆகிய மூன்றையும் சேர்த்தளக்கும் மனித வளர்ச்சியில் நாடு 21 ஆண்டு பின்தள்ளப்பட்டது. போர் 2022 வரை நீண்டால் 26 ஆண்டு. 2030 வரை நீண்டால் ஏறத்தாழ 40 ஆண்டு! (1990-ல் இவ்வளவுகோலை உலகறியச் செய்தவர் பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூபுல் ஹக் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.)

இவை கபறுகளை எண்ணிப் பெற்ற தொகையல்ல, கணிப்பே. கூடவோ குறையவோ இருக்கலாம். ஆயினும், காலங்கடந்து வந்த கணக்கு என்று இதனை ஒதுக்க எவருக்கும் வழியில்லை. போர் நடக்கும்போதே, போரிடுவோர் கண்முன்னே வைக்கப்பட்டது இது. 2019-ல் ஏறத்தாழ 12 நிமிடத்திற்கு ஒரு குழந்தை மடிவதாக அவ்வறிக்கை கூறிற்று. 2021-ல் அதே ஆய்வாளர்கள் மீண்டும் கணித்தபோது இறப்பு 3,77,000 ஆகியிருந்தது. குழந்தைகள் மடிவதோ 9 நிமிடத்திற்கு ஒன்று. நாடு தழுவிய போர்நிறுத்தம் கைகூடியது 2022 ஏப்ரலில்.