பள்ளி

பள்ளி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் படுக்கை, படுக்கும் இடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கற்படுக்கைகளில் துயின்ற சமண முனிவர்களின் உறைவிடமும் பள்ளி ஆயிற்று. அங்கே பாடமும் நடந்ததால், எழுத்துப் படிக்கும் இடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், அன்றைய பாடலிபுரத்தில், பெயர்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அப்பர் தருமசேனர் என்ற பெயரில் சமணராக வாழ்ந்தது அங்கேதான் என்கிறது பெரியபுராணம்.

பலர் கூடித் தங்கிய இடத்தின் பெயர் இது. ஆனால் ஊர்ப் பள்ளிகள் சேரிப் பிள்ளைகளுக்குக் கதவடைத்தன. அந்தப் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் தடுக்கப்பட்ட நந்தனாரின் பெயரையே அதற்கு வைத்தார். ஒதுங்கியிருக்க ஆசைப்பட்டா தனிப்பள்ளி கட்டினார்? ஊர் வேறு வழி விடவில்லை.

இன்றும் 'ஆதிதிராவிடர் நலப்பள்ளி' என்ற பெயர்ப்பலகை நிற்கிறது. எந்தப் பள்ளி என்று பையன் வாய்திறந்தாலே சாதி தெரிந்துவிடுகிறது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024இல் அரசுக்கு அறிக்கை தந்தது. அதைச் செய்தே ஆகவேண்டும். கூடவே, மற்றத் தெருப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் வந்து சேர வேண்டும்.